மிஷின் யார் பேரில் வரப்போகிறது?

மேல்மலையனூர் வட்டாரத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கும், களையெடுக்கும், பிடுங்கும், ஆயும் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆயாமார்களுக்கும் அக்காமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும்,



நான் கோயம்புத்தூருக்குக் கிளம்பிய அன்று நீங்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தீர்கள். ஆடிப்பட்டம் நெருங்கிவிட்டிருந்தது. எங்கே போகிறாய் என்று கேட்டீர்கள். விவசாய மிஷின்களுக்கு ஒரு பெரிய கண்காட்சி நடக்கிறது, பார்த்து எழுதப் போகிறேன், முதல் தடவையாகப் போகிறேன் என்றேன். மூத்த ஆயா ஒருவர் உடைத்த பருப்பைக் கூடையில் போட்டுக்கொண்டே, "பாத்துட்டு மட்டும் வராத. நாங்க கேக்கறத அங்க கேட்டுக்கினு வா" என்றார். அப்புறம் ஆளுக்கு ஒன்றாகச் சொன்னீர்கள். நோட்டில் எழுதிக்கொண்டேன். மொத்தம் ஏழு கேள்விகள். நான் எழுந்தபோது பஸ் செலவுக்கென்று ஆளுக்குப் பத்து ரூபாய் சேர்த்து என் கையில் வைத்து மூடினீர்கள்.

அந்தக் காசுக்குக் கணக்குச் சொல்லவே இந்த மடல். உங்களுக்குச் சொல்ல வேண்டியதைப் பக்கத்து ஊர்ப் பெண்களும் கேட்க வேண்டும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

திருவண்ணாமலை போய், அங்கிருந்து செங்கம், ஊத்தங்கரை, அரூர் வழியாகச் சேலம், சேலத்திலிருந்து கோவை. அவினாசி சாலையில், விமான நிலையத்துக்கு அருகில் இருக்கிறது கொடிசியா வளாகம். கொடிசியா என்பது 1969இல் கோவை மாவட்டத்துச் சிறுதொழில்காரர்கள் கூடித் தொடங்கிய சங்கம். ஜூலை மாதத்தில் அவர்கள் நடத்தும் வேளாண் கண்காட்சிக்கு அக்ரி இன்டெக்ஸ் என்று பெயர். நான் போனது 2025 ஜூலையில். அதே மாதம் 11ஆம் தேதிதான் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. விழுப்புரம் மாவட்டத்துப் பெண் என்று சொன்னதும் கோட்டையைப் பற்றி விசாரித்தவர்கள் உண்டு. கோட்டையைச் சுற்றியுள்ள கொல்லைகளில் என்ன விளைகிறது, யார் விளைவிக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தானே நான் போயிருந்தேன்.

வாசலில் பெயர் பதியும் மேசையில், எந்தப் பத்திரிகை என்று கேட்டார்கள். பத்திரிகை இல்லை, எங்கள் வட்டாரத்து விவசாயத்தைப் பற்றி நானே எழுதி வெளியிடுகிறேன் என்றேன். எழுதிக்கொண்டு ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு நம் ஊரில் சனம் எப்படிக் குவியும்? அப்படி ஒரு கூட்டம். நடுவில் தூண் இல்லாத நீண்ட கூடங்கள். ஒரு பக்கம் டிராக்டர்கள், ஒரு பக்கம் பம்ப்செட்டுகள், சொட்டுநீர்க் குழாய்கள், தீவனம் வெட்டும் மிஷின், பால் கறக்கும் மிஷின், சூரியத் தகடு, ட்ரோன். எங்கே பார்த்தாலும் ஒலிபெருக்கி. முதல் இரண்டு மணி நேரம் நான் கையில் கிடைத்த துண்டுத்தாளை எல்லாம் வாங்கினேன். பளபளப்பாகத் தெரிந்ததை எல்லாம் படம் பிடித்தேன். இரண்டு பை நிறைந்துவிட்டது. வெளியே வந்து ஒரு சுவரோரம் உட்கார்ந்து எடுத்த படங்களைப் புரட்டினால், அத்தனையும் ஐம்பது ஏக்கர்க்காரருக்கான மிஷின்கள். உங்கள் ஏழு கேள்விகளில் ஒன்றைக்கூட நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.

அங்கேதான் ஒன்று புரிந்தது. கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு நாம் பார்க்க வேண்டும். நமக்கோ கேட்க வேண்டியிருக்கிறது. பார்ப்பதற்குக் கண் போதும். கேட்பதற்கு ஊர் வேண்டும். கழுத்தில் தொங்கிய அட்டை என்னை உள்ளே விட்டது, அவ்வளவுதான். உள்ளே போய் நிற்க எனக்கு ஒரு காரணம் கொடுத்தது உங்கள் நோட்டு. துண்டுத்தாள்களை ஓரமாக வைத்துவிட்டு நோட்டைத் திறந்துகொண்டு மறுபடி உள்ளே போனேன்.

முதல் கேள்வி, விதைக்கு உடைக்கிற மிஷின் உண்டா என்பது. ஒரு ஏக்கருக்கு ஐம்பது கிலோ பருப்பு விதைக்கிறோம். அதற்கு எழுபது கிலோ காய்க்கு மேல் உடைக்க வேண்டும். ஒவ்வொரு காயாகக் கட்டைவிரலால் அழுத்தி உடைத்து, நாலாம் நாள் விரல் நுனி புண்ணாகிவிடுகிறது. உடைக்கும் மிஷின்கள் பல அரங்குகளில் இருந்தன. மணிக்கு இத்தனை கிலோ என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: பருப்பின் மேல்தோல் கிழியாமல் வருமா? எண்ணெய்க்குப் போகிற பருப்பு உடைந்தாலும் எண்ணெய்தான். விதைப் பருப்பில் தோல் கிழிந்தால் மண்ணில் பூஞ்சாணம் ஏறி முளைக்காமல் போய்விடும். ஒருவர் மட்டும் நேராகப் பதில் சொன்னார்: "காயைப் பெருசு சிறுசாப் பிரிச்சு, அதுக்கேத்த சல்லடை மாட்டினா உடையறது குறையும். ஆனா விதைக்குக் கையால உடைக்கறதுக்கு ஈடு வராதும்மா." விற்க நிற்பவர் இப்படிச் சொன்னால் அவரை நம்பலாம் என்று குறித்துக்கொண்டேன்.

அவரிடம் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பெண்கள் உட்கார்ந்தபடியே கையால் இயக்கும் மல்லாட்டை உடைக்கும் கருவியை, போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் முன்னமே உருவாக்கியிருக்கிறது. 1976இல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. விவசாய வேலை செய்யும் ஆண் பெண்களின் உயரம், கை நீளம், பிடியின் பலம் எல்லாவற்றையும் பல மாநிலங்களில் அளந்து, கருவி செய்பவர்களுக்காகப் புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள். புவனேசுவரத்தில் வேளாண்மையில் உள்ள பெண்களுக்கென்றே 1996இல் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார்கள். நம் உடம்பை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்குச் செய்த கருவி நம் வேப்பமரத்தடிக்கு வந்து சேரவில்லை. வாங்குகிறவர்கள் கேட்காததால் விற்கிறவர்கள் கொண்டுவரவில்லை.

இரண்டாவது கேள்வி மாடு வைத்திருப்பவர்களுடையது. ஆயும் மிஷினில் போட்ட கொடி மாட்டுக்கு ஆகுமா? இதைக் கேட்டதும் இரண்டு வகை மிஷின்களைக் காட்டினார்கள். ஒன்றில் கொடியை அப்படியே உள்ளே போட்டுவிட வேண்டும். காய் ஒரு பக்கமும், துண்டு துண்டான கொடி ஒரு பக்கமும் விழும். மற்றதில் கொடியைக் கட்டாகக் கையில் பிடித்து, சுழலும் உருளையின் மேல் வேரைக் காட்ட வேண்டும். காய் உதிர்ந்துவிடும், கொடி முழுசாகக் கையில் நிற்கும். முதல் வகை வேகம். இரண்டாவது வகையில் மாட்டுக்குத் தீவனம் முழுசாக மிஞ்சும். ஒரு பயிரில் காய்க்கு எத்தனை மதிப்போ, பால் மாடு வைத்திருக்கும் வீட்டுக்குக் கொடிக்கும் அத்தனை மதிப்பு என்பது உங்களுக்குத் தெரியும். எந்த விளம்பரத் தாளிலும் அது இல்லை.

மூன்றாவது கேள்வி, முந்தானை சிக்குமா என்பது. பெல்ட் ஓடும் இடத்தில் மூடி இல்லாத மிஷின்களை அங்கே பார்த்தேன். கதிரடிக்கும் மிஷின்களில் கை போனவர்கள் வட இந்தியாவில் ஏராளமாக இருந்ததால்தான் 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே கொண்டுவந்தார்கள். பேண்ட் சட்டை போட்ட ஆளை நிறுத்தித்தான் மிஷினை ஓட்டிக் காட்டுகிறார்கள். புடவையும் பின்னலுமாக, இடுப்பில் துண்டு கட்டி நிற்கும் ஒரு பெண்ணை அதன் பக்கத்தில் கற்பனை செய்து பாருங்கள். மூடி தனியாக விலையா என்று கேட்டேன். அதெல்லாம் மாட்டினால் சுத்தம் பண்ணச் சிரமம் என்றார் ஒருவர். அந்த மிஷினின் பெயருக்கு எதிரே என் நோட்டில் ஒரு கோடு போட்டேன்.

நாலாவது களையெடுக்கும் மிஷின். நாம் வரிசைக்கு வரிசை ஒரு அடி விட்டு விதைக்கிறோம். அந்த இடைவெளிக்குள் போகிற அகலம் இருக்க வேண்டும், கைப்பிடியை நம் உயரத்துக்கு இறக்க முடிய வேண்டும், வரப்பு முனையில் நாமே திருப்புகிற கனத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு ஓர் அரங்கில் கைப்பிடியைப் பிடித்துப் பார்க்கப் போனேன். அங்கே நின்றவர், "வீட்டுக்காரர் வரலையாம்மா? அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க, விவரமாச் சொல்றேன்" என்றார்.

அக்கா, அந்த இடத்தில் எனக்கு முகம் சுருங்கிப்போனது. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நம் கொல்லையில் களையெடுப்பது யார்? குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது யாருக்கு? வீட்டுக்காரர் வந்தால் விலை கேட்பார். கைப்பிடி உயரம் கேட்கத் தெரியுமா அவருக்கு? நான் அங்கேயே நின்றேன். "நான்தாங்க ஓட்டப்போறேன், எங்கிட்டயே சொல்லுங்க" என்றேன். சொன்னார். கடைசியில் கைப்பிடியை இறக்கியும் காட்டினார். ஒரு பெண் இதுவரை தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்றார். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஆண்களே மிகுதி. அதனால்தான் நம்மில் பலர் அங்கே போக வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றும் அந்த அரங்கில் தெளிவானது. விழுது இறங்கிய பிறகு, நாற்பத்தைந்து நாளைத் தாண்டிவிட்டால், மண்ணைக் கிளறக் கூடாது. அதற்கு மேல் எந்த மிஷினும் கொல்லைக்குள் இறங்க முடியாது, கைதான். ஆக, களையெடுக்கும் வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளும் மிஷின் எதுவும் இல்லை. பாதி பாரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். விற்பவர் இதைச் சொல்லவில்லை என்றால் நாம் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாவது மருந்தடிப்பது. முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயரில் 16 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 16 கிலோ, டேங்கும் பேட்டரியும் சேர்ந்தால் இருபதைத் தாண்டும். ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் பன்னிரண்டு பதின்மூன்று தடவை அதை முதுகில் ஏற்றி இறக்க வேண்டும். ட்ரோன் அதே ஏக்கரைப் பத்து லிட்டரில், ஏறக்குறைய பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறது. பார்க்கும்போது மூச்சு நின்றுவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். 200 லிட்டரில் கரைத்த மருந்தைப் பத்து லிட்டரில் கரைத்தால் எத்தனை மடங்கு கெட்டி! காற்றடிக்கும் நேரத்தில் பறக்கவிட்டால் பக்கத்துக் கிணற்றில், பக்கத்துக் கீரைப் பாத்தியில், கட்டிய மாட்டின் மேல் போய் இறங்கும். எந்த மருந்தை ட்ரோனில் அடிக்க அனுமதி, காற்று எந்த அளவில் இருந்தால் நிறுத்த வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரையும் நம் கொல்லைக்கு மேல் பறக்கவிடாதீர்கள்.

ட்ரோனைப் பற்றி நல்ல சேதியும் ஒன்று உண்டு. அதை ஓட்ட 2021ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். பதினெட்டு வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால் பயிற்சிக்குப் போகலாம். 2023 நவம்பரில் மத்திய அரசு, நாடு முழுவதும் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்க ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. விலையில் 80 விழுக்காடு, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். நம் தங்கச்சிகளில் பத்தாவது முடித்து வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். முதுகில் டேங்க் சுமந்த ஆயாவின் பேத்தி அதை ஓட்டட்டும்.

ஆறாவது கேள்விக்கு வருவதற்கு முன் இரண்டு பழைய கதைகள் சொல்ல வேண்டும்.

1851இல் லண்டனில் கண்ணாடியாலேயே ஒரு மாளிகை கட்டி உலகக் கண்காட்சி நடத்தினார்கள். அறுபது லட்சம் பேர் பார்த்தார்கள் என்கிறார்கள். பணக்காரர் பார்த்து முடித்தபின் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் உழைப்பாளிகளை விட்டார்கள். ஆலையிலும் கிராமத்திலும் இருந்தவர்கள் வாராவாரம் சில்லறை போட்டுச் சங்கமாகச் சேமித்து ரயிலேறி வந்தார்கள். நீங்கள் எனக்குச் சேர்த்துக் கொடுத்த பத்துப் பத்து ரூபாயை நினைத்துக்கொண்டேன். அந்தக் கண்காட்சியில் அமெரிக்காவின் மெக்கார்மிக் என்பவர் கதிர் அறுக்கும் மிஷினை வைத்திருந்தார். பத்திரிகைக்காரர்கள் அதன் தோற்றத்தைப் பார்த்துக் கேலி செய்தார்கள். பிறகு ஜூலை மாதம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், எஸ்ஸெக்ஸ் பக்கம் ஒரு பண்ணையில் ஈரக் கதிரில் இறக்கிப் பார்த்தார்கள். சரசரவென்று அறுத்தது. கேலி நின்றது, அந்த மிஷினுக்குக் கண்காட்சியின் உயர்ந்த பதக்கமே கிடைத்தது. கூடத்தில் வைத்துக் கேலி செய்ததும் தப்பு, கூடத்தில் வைத்துப் புகழ்வதும் தப்பு. மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டியது வயல்தான்.

அதனால் நான் ஒவ்வோர் அரங்கிலும் இரண்டு கேட்டேன். பரிசோதனை அறிக்கை இருக்கிறதா? எங்கள் வட்டாரத்தில் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுவீர்களா? மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955 முதல் பண்ணை இயந்திரங்களுக்கு மத்திய அரசின் நிலையம் இருக்கிறது. அங்கே பரிசோதித்துத் தரும் அறிக்கையில் சத்தம், அதிர்வு உட்பட எல்லாம் அளந்து எழுதியிருக்கும். அறிக்கையை எடுத்துக் காட்டியவர்களும் உண்டு, பேச்சை மாற்றியவர்களும் உண்டு. இரண்டு வகையையும் தனித்தனியே குறித்துவைத்திருக்கிறேன்.

அடுத்த கதை அந்தக் கோவைச் சீமையிலேயே நடந்தது. 1893இல் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, சின்ன வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பார்த்ததோடு விடவில்லை. கோவையில் ஓட்டலில் பரிமாறிக் காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கிய வண்டியைக் கழற்றிப்போட்டு ஒவ்வொரு உறுப்பாகப் படித்தார். 1937இல் இந்தியாவிலேயே முதலாவதாக மின்மோட்டார் தயாரித்த ஊர் கோவை என்றால், அதற்குப் பின்னால் இப்படிக் கழற்றிப் பார்த்த கைகள் இருக்கின்றன. இன்று நம் கிணறுகளில் ஓடும் மோட்டார்களில் கோவை பேர் பொறித்தவை எத்தனை! கோவைக் கண்காட்சியின் தனிச் சிறப்பும் இதுதான். பல அரங்குகளில் பட்டறை முதலாளியே நிற்கிறார். மிஷினைச் செய்த கையிடமே நாம் பேசலாம்.

இனி உங்கள் ஆறாவது கேள்வி. அதைக் கேட்ட அக்கா தலை நிமிராமல், காய் உடைத்துக்கொண்டே கேட்டார்: "ஆயற மிஷினு வந்துட்டா எங்க கூலி இன்னாவும்?"

இதை எந்த அரங்கிலும் கேட்க முடியவில்லை. கேட்க வேண்டிய இடமும் அது இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ராத்திரி முழுவதும் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. மிஷின் வந்தால் ஆயும் கூலி குறையும். வராமல் தடுக்கவும் முடியாது. ஆள் கிடைக்காமல் காய் மண்ணிலேயே முளைவிட்டதைப் பார்த்த நிலக்காரர்கள் யாரோ ஒருவரிடமிருந்து அதை வாடகைக்கு வரவழைக்கத்தான் போகிறார்கள். நெல் அறுக்கும் மிஷின் அப்படித்தான் வந்தது. வேறு சீமையிலிருந்து லாரியில் ஏறி வந்தது, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போனது. அறுத்தவர்கள் வரப்பில் நின்று பார்த்தோம். நம் பேரில் ஒரு மிஷின்கூட இல்லை.

மல்லாட்டையில் அப்படி ஆக வேண்டாம் என்பதுதான் இந்த மடலின் சாரம். ஆயும் மிஷின் வருவது உறுதியென்றால், அது உங்கள் குழுவின் பேரில் வரட்டும். வாடகை உங்கள் குழுவின் கணக்கில் விழட்டும். அப்போது குறைகிற கூலி வேறு வழியில் உங்கள் வீட்டுக்கே திரும்பும், இடுப்பும் விரலும் மிஞ்சும்.

வழி இருக்கிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் மிஷின் விலையில் பாதி வரை மானியம். மற்றவர்களுக்கு 40 விழுக்காடு. குழுவாகச் சேர்ந்து வாடகை மையம் வைக்கவும் தனியாக உதவி உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பித்து அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும். ஆகவே கண்காட்சி விலை, இன்று மட்டும் தள்ளுபடி என்று யார் சொன்னாலும் அங்கேயே முன்பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் வாங்கிவிட்டு அப்புறம் மானியம் கேட்டால் கிடைக்காது. நிலப் பத்திரமும் பட்டாவும் ஆண்கள் பேரிலேயே இருப்பதால் நம்மில் பலர் விண்ணப்பிக்கவே முடியாமல் நிற்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் தனி ஆளாக இல்லாமல் குழுவாகப் போங்கள் என்கிறேன்.

எழுதுகிறவளாக நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அரங்கில், எங்களைப் பற்றி நல்லபடியாக எழுதுங்கள், ஒரு ஸ்பிரேயர் இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். நீங்கள் கொடுத்த பத்துப் பத்து ரூபாயில் போனவள் நான். ஒரு ஸ்பிரேயரை வாங்கிக்கொண்டால் உங்களிடம் நான் சொல்லும் அடுத்த வார்த்தைக்கு மதிப்பு இருக்காது. உங்களில் யாராவது நாளைக்கு எழுதப் போனாலும், படம் பிடிக்கப் போனாலும், இதை மட்டும் மறக்காதீர்கள்.

புதுசு என்றாலே நமக்கு ஆகாது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாம் மல்லாட்டை என்று சொல்வது மணிலாக் கொட்டை என்ற பேரின் சுருக்கம்தான். தென் அமெரிக்காவில் பிறந்து, கடல் தாண்டி, மணிலாவின் பேரைச் சுமந்துகொண்டு நம் செம்மண்ணுக்கு வந்த பயிர் அது. ஒரு காலத்தில் நம் பாட்டன் பாட்டிக்கு அதுவும் புதுசு. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்த ரகங்களுக்கு டிஎம்வி என்று பேர். திண்டிவனத்தின் சுருக்கம் அது. 1940இல் வெளியிட்ட டிஎம்வி 2 ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பல தலைமுறை விவசாயிகள் விதைத்த ரகம். அங்குள்ளவர்களுக்கு நம் ஊரின் பேர் தெரியாது, ஆனால் நம் ஊர்ப் பேரை விதைத்திருக்கிறார்கள். விதையில் நம்மால் முடிந்தது மிஷினில் ஏன் முடியாது? நம் மண்ணுக்கும் நம் உடம்புக்கும் ஏற்ற மிஷினுக்கு நம் ஊர்ப் பேர் வரட்டுமே.

கடைசிக் கேள்வி, ஏழாவது. அதைச் சொன்னது அந்த மூத்த ஆயாதான்: "இத செஞ்சவங்க என்னிக்காச்சும் மல்லாட்டை ஆய்ஞ்சிருக்காங்களான்னு கேளு."

இரண்டாம் நாள் சாயங்காலம், கூட்டம் குறைந்த பிறகு, கொடியைக் கையில் பிடித்து ஆயும் அந்த மிஷின் இருந்த அரங்குக்கு மறுபடி போனேன். அதை வடிவமைத்த இளைஞரே நின்றிருந்தார். ஆயா கேட்டபடியே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இல்லைங்க. பிடுங்கறதப் பாத்திருக்கேன். உக்காந்து ஆய்ஞ்சதில்ல" என்றார். பிறகு, ஒரு பெண் ஒரு மணி நேரத்தில் எத்தனை கட்டு ஆய்வார், எந்தக் கையில் கொடியைப் பிடிப்பார், எப்போது எழுந்து இடுப்பை நிமிர்த்துவார் என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை நோட்டில் எழுதிக்கொண்டேன். மார்கழிப் பட்டத்து மல்லாட்டை சித்திரையில் பிடுங்கும்போது மிஷினை எடுத்துக்கொண்டு நம் கொல்லைக்கே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அவர் வந்தால் முதலில் உங்கள் நடுவில் உட்காரவைத்து ஒரு பொழுது ஆயச் சொல்லுங்கள். அதற்கப்புறம் மிஷினை ஓட்டட்டும். கைப்பிடி, மூடி, கொடி, காயில் அடிபட்டது எத்தனை என்று ஒவ்வொன்றையும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். நான் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். அடுத்த ஜூலையில் அவினாசி சாலையில் நான் தனியாக இறங்க மாட்டேன். குழுவுக்கு இரண்டு பேராவது என்னோடு வர வேண்டும். வாசலில் யார் என்று கேட்டால் உங்கள் பேரையும் ஊரையும் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் கொடுத்த காசில் மிச்சம் இருந்ததை நோட்டின் எட்டாவது பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அடுத்த கேள்விகளை அதில் எழுதத் தொடங்குவோம். இந்த அமாவாசை முடிந்து வரும் முதல் நாள், அதே வேப்பமரத்தடிக்கு நோட்டோடு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெண்
மேல்மலையனூர்